பதினோரு மணி ரொட்டி

அனியெல்லோவுக்கு எழுபத்திரண்டு வயது வரைக்கும் வெங்காயம் நறுக்கத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியமும் வரவில்லை. முப்பத்தாறு வருஷம் இத்தாலியின் நாப்போலி நகரத்து மேட்டிலும் பள்ளத்திலும் நகரப் பேருந்து ஓட்டியவர். வீட்டுக்கு வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார், தட்டு தானாக வரும். தட்டைக் கொண்டுவந்து வைப்பவள் பிலோமெனா. கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவள் குழம்பு வைக்காமல் இருந்ததில்லை. மகள் லொரெதானா பிறந்த அன்றும் ஞாயிறுதான். வலி எடுத்த பிறகு அடுப்பைத் தணித்து வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. எங்கள் தெருப் பேச்சில் பாதிதான் பொய், அதனால் நம்பலாம்.

குழம்பு என்றால் ரகூ. காலை ஆறு மணிக்குப் பன்றிக்கொழுப்பில் வெங்காயத்தைக் கரையக் கரைய வதக்கி, மாட்டிறைச்சியும் பன்றி விலாவும் நூல் கட்டிய இறைச்சிச் சுருளும் போட்டுச் சிவக்கவிட்டு, சிவப்பு ஒயினை ஊற்றி வற்றவைத்து, பிறகு தக்காளி. அதோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் வேறு ஊர்க்காரர்கள். மூடிக்கு அடியில் மரக்கரண்டியைச் செருகிவிட்டு அதற்கப்புறம் ஏழு மணி நேரம் காவல் இருக்க வேண்டும். கொதிக்கவும் கூடாது, சும்மா இருக்கவும் கூடாது. ஒரு குமிழி வந்து உடைந்து, கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்த குமிழி வர வேண்டும்.

சாப்பாடு இரண்டு மணிக்குத்தான். ஆனால் பதினோரு மணிக்கு யாருக்கும் பொறுக்காது. ரொட்டியின் முனையை வெட்டி, உள்ளே மெத்தென்று இருப்பதைக் கிள்ளி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் குழம்பை ஊற்றி அடுப்படியிலேயே நின்று தின்பார்கள். ரொட்டிக்கு முனை இரண்டுதான். அது யார் கைக்குப் போகிறது என்பதை வைத்தே அந்த வீட்டில் யாருக்கு யார் மேல் பிரியம் என்று சொல்லிவிடலாம். பிலோமெனா ஒன்றை மகளுக்கும் ஒன்றைக் கணவருக்கும் கொடுப்பாள். மகள் கல்யாணமாகிப் போர்த்திச்சிக்குப் போன பிறகு இரண்டும் கணவருக்கே வந்தன. தனக்கென்று அவள் ஒரு நாளும் எடுத்துக்கொண்டதில்லை. அது அனியெல்லோவின் கண்ணில் பட்டதும் இல்லை.

போன அக்டோபரில் பிலோமெனாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. நான்காவதாக விழுங்கும் சக்தி போயிற்று. அப்படி ஒன்று போகக்கூடும் என்றே அனியெல்லோவுக்குத் தெரியாது. விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்க வந்த டாக்டரம்மா ஒரு தாளில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். ரொட்டி கூடவே கூடாது. தண்ணீரைக்கூடப் பொடி கலந்து கூழாக்கித்தான் தர வேண்டும். எல்லாம் மசித்தது, வடிகட்டியது, ஒரு சின்ன ஸ்பூன், தாடையைத் தாழ்த்தி, விழுங்கிவிட்டாளா என்று பார்த்து, பிறகு அடுத்தது. தவறினால் வயிற்றுக்குப் போகவேண்டியது நுரையீரலுக்குப் போகும்.

அந்தத் தாளை வரிக்கு வரி மனப்பாடமாக வைத்திருந்தவள் ஹாலினா. உக்ரைன்காரி, ஐம்பதைத் தொட்டவள், கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள வந்தவள். எதிர் பால்கனி தித்தினாதான் தேடிப் பிடித்துக் கொடுத்தாள். பிலோமெனாவின் கட்டிலைச் சாப்பாட்டு அறையில், சமையலறைக்கும் பால்கனிக்கும் நடுவில் போட்டிருந்தார்கள். ஹாலினா அவளைக் குளிப்பாட்டி, தலை சீவி, காதுத் தோட்டைத் துடைத்துப் போட்டுவிடுவாள். தன் ஊர்ப் பாட்டை முணுமுணுத்தபடி ஊட்டுவாள். பிலோமெனா இடது கையால் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவாள். அனியெல்லோவும் அந்தத் தாளைப் படித்திருந்தார். ஒரே தடவை, கண்ணாடி போடாமல்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வீட்டில் வாசனையே இல்லாதது பொறுக்கவில்லை. தெரு முழுக்க மணக்கிறது, தன் வீட்டில் மட்டும் பொட்டலத்துப் பொடி வாடை. விடியற்காலையில் எழுந்து தாமே குழம்பு வைத்தார். வெங்காயம் பாதி கருகியது, இறைச்சிச் சுருளின் நூல் அவிழ்ந்தது. கட்டிலில் படுத்தபடி பிலோமெனா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தீயைக் கூட்டினால் புருவம் ஏறும். குறைத்தால் இறங்கும். நாற்பத்தொரு வருஷத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் சமையல் அதுதான்.

பதினோரு மணிக்கு அனியெல்லோ ரொட்டியை எடுத்தார். முனையை வெட்டினார், கிள்ளினார், குழம்பை ஊற்றினார். திரும்பினால் பிலோமெனாவின் இடது கை அந்தரத்தில் நீண்டிருந்தது. கண் ரொட்டி மேல்.

"உனக்கா, பிலுமே?" என்றார்.

கை இறங்கவில்லை.

முதல் தடவையாக அந்த முனையைத் தாம் அவளுக்குக் கொடுக்கப்போகிறோம் என்பது மட்டும்தான் அவர் மனசில் இருந்தது. பிரிட்ஜ் கதவு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஒரு கடி கொடுத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு மெல்ல மெல்ல மென்றாள். கன்னத்தில் நீர் வழிந்தது. சந்தோஷத்தில் அவர் இரண்டாவது கடியையும் கொடுத்தார்.

சத்தமே வரவில்லை. முகம் மட்டும் நீலம் பூத்தது. அனியெல்லோ கத்திய கத்தலில் குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்த ஹாலினா ஈரக் கையோடு ஓடிவந்தாள். பிலோமெனாவை முன்னால் சாய்த்து முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டி, வாய்க்குள் விரலை விட்டு, நாலைந்து தடவைக்குப் பிறகு ஒரு கெட்டித் துண்டை வெளியே எடுத்தாள். அவள் இல்லாவிட்டால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். ஆம்புலன்ஸ் வந்தபோது பிலோமெனாவுக்கு மூச்சு இருந்தது. மீதி ரொட்டி நுரையீரலில் இருந்தது.

அவசர சிகிச்சைப் பிரிவின் தாழ்வாரத்தில் லொரெதானா ஓடிவந்தாள். டாக்டர் அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: யார் ரொட்டி கொடுத்தது? அவள் திரும்பிப் பார்த்தது ஹாலினாவை.

"நீயா குடுத்த?"

"நான் இல்ல," என்றாள் ஹாலினா. பிறகு அனியெல்லோவைப் பார்த்தாள். அவர் சொல்வார் என்று காத்திருந்தாள்.

"அப்பா, நீ எங்க இருந்த?"

அனியெல்லோ தன் செருப்பைப் பார்த்தார். வீட்டுச் செருப்போடு வந்துவிட்டிருந்தார், ஒன்றில் குழம்புத் துளி காய்ந்திருந்தது.

"நான் குளியலறைல இருந்தேன்," என்றார்.

அவ்வளவுதான். யார் மேலும் பழி போடவில்லை, யார் பேரையும் சொல்லவில்லை. ஹாலினா இருந்த இடத்தில் தன்னை வைத்துக்கொண்டார், ஹாலினா தானாக அவர் இருந்த இடத்துக்குப் போய்விட்டாள். கோழைக்குப் பொய் சொல்லவும் தைரியம் போதாது, பாதிதான் சொல்வான். மீதியை அடுத்தவர்கள் நிரப்பிக்கொள்வார்கள்.

"நான் இல்ல, சின்யோரா," என்று ஹாலினா இன்னொரு தடவை சொன்னாள். அப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை. அந்நிய நாட்டில் எழுபத்திரண்டு வயதுக் கணவனின் சொல்லுக்கு எதிராகத் தன் சொல் எத்தனை கனம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அன்று சாயங்காலமே லொரெதானா அவள் பெட்டியை வாசலில் வைத்தாள். தித்தினாவுக்குச் செய்தி ஆறு மணிக்கு எட்டியது. ஆறேகாலுக்கு எங்கள் மாத்தெர்தேய்ப் பேட்டை முழுக்கத் தெரிந்துவிட்டது.

*

நிமோனியா பன்னிரண்டு நாளில் அடங்கியது. பிலோமெனா வீட்டுக்கு வந்ததும் கண்ணால் அறையைத் துழாவினாள். கதவு, சமையலறை, குளியலறை, மறுபடி கதவு.

"ஹாலினாவைத் தேடுறியாம்மா?" என்றாள் லொரெதானா, போர்வையைச் சரிசெய்தபடி. "அவளைத் துரத்தியாச்சு. ரொட்டி குடுத்துக் கொல்லப் பாத்தவளை வீட்ல வச்சுக்கவா முடியும்? இனிமே யாரையும் நம்பப் போறதில்ல. பகல்ல அப்பா பாத்துக்கட்டும், சாயங்காலம் நான் வரேன்."

பிலோமெனாவின் தலை மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பியது. பேசத் தெரிந்தவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. அனியெல்லோ அடுப்புப் பக்கம் திரும்பி, ஒன்றுமில்லாத பாத்திரத்தைக் கிளறினார்.

அன்று மதியம் அவர் நீட்டிய முதல் ஸ்பூனுக்கு அவள் வாய் திறக்கவில்லை.

முதல் நாள் களைப்பு என்று நினைத்தார். இரண்டாவது நாள் பயம் என்று நினைத்தார். பாவம், அவர் கையால் தின்றுதானே செத்துப் பிழைத்தாள். நான்காவது நாள், இந்தப் பொட்டலத்துக் கூழை எந்த நாய் தின்னும் என்று முடிவு செய்தார். அங்கே பிடித்தது பைத்தியம்.

மறுபடி குழம்பு வைத்தார். இந்தத் தடவை தாளில் இருந்தபடி. இறைச்சியை எடுத்துவிட்டு, குழம்பைக் கைச்சுற்று வடிகட்டியில் இரண்டு தடவை கடைந்து, ரவைக் கஞ்சியில் கலந்து, தோல் இல்லாமல் விதை இல்லாமல் கூழாக்கிக் கொண்டுபோனார். பிலோமெனா உதட்டை இறுக்கிக்கொண்டாள். வெங்காயம் அதிகம் போலிருக்கிறது என்று அடுத்த நாள் குறைத்தார். கறிக்கடையை மாற்றினார். அலுமினியப் பாத்திரத்தை விட்டுவிட்டு அவள் பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் மண்சட்டியை இறக்கினார். ஒயின் புளிக்கிறதோ என்று வேறு ஒயின், தக்காளி கசக்கிறதோ என்று வேறு தக்காளி. சிகரெட்டையும் விட்டார், கையில் வாடை வருமாம்.

எதிர் பால்கனியிலிருந்து தித்தினா விடவில்லை.

"தொன் அனியே! செவ்வாக்கெழம ரகூவா? காலண்டர் கிழிக்க மறந்துட்டீங்களா?"

"உன் வேலையப் பாரு, தித்தினா."

"என் வேலையே பாக்குறதுதான். நேத்து வெங்காயம் தீஞ்சுது. முந்தாநாள் ஒயினை வத்தவிடாமத் தக்காளி ஊத்திட்டீங்க, புளிப்பு வாசனை எங்க படுக்கையறை வரைக்கும் வந்துச்சு. பொறுமை இல்லாத மனுஷன் பஸ் ஓட்டலாம், ரகூ வைக்க முடியாது."

"பஸ்ஸுல ஏறுனவங்க யாரும் கொற சொல்லல."

"எறங்குனவங்களக் கேட்டீங்களா?"

தெருவே சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால்.

உண்மையைச் சொன்னால், அந்த மார்ச் மாதத்தில் அவர் குழம்பு நன்றாகவே வந்தது. குமிழி யோசித்து யோசித்து வந்தது. மேலே எண்ணெய் பிரிந்து, கரண்டியின் முதுகில் பட்டுப் போலப் படிந்தது. மேல் வீட்டுக்காரர் ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டால் பிலோமெனா கைதான் என்றார். பிலோமெனா மட்டும் வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கணவரையே பார்ப்பாள். ஸ்பூன் நடுவழியில் நிற்கும். கூழ் ஆறிப்போகும்.

சாயங்காலம் லொரெதானா வருவாள். அம்மாவின் தாடையைத் தாழ்த்தி ஊட்டுவாள். அவள் கையால் எட்டு ஸ்பூன், பத்து ஸ்பூன் உள்ளே போகும், அதுவும் அதே பொட்டலத்துக் கூழ்.

"உன் கையால மட்டும் ஏம்ப்பா சாப்பிட மாட்டேங்கறா?"

"பயந்துட்டாம்மா. உப்பு வேற கூடிப்போச்சுன்னு நெனக்கிறேன்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவர் நெஞ்சு குறுகுறுப்பதோடு நிற்காமல் சமையலும் செய்தது. குற்றம் உப்பில் இருந்தால் குறைத்துவிடலாம், தீயில் இருந்தால் தணித்துவிடலாம். பிலோமெனாவின் பார்வை என்ன கேட்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. வீடு திரும்பிய அன்றே தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த மனுஷர் ஒரு மனுஷியையே குழம்பில் மறைக்கப் பார்த்தார்.

மார்ச் மூன்றாவது வாரம் டாக்டர் வந்து எடை பார்த்தார். ஏழு கிலோ குறைந்திருந்தது.

"ஒரு வேளைச் சாப்பாட்டுல உயிர் நிக்காது," என்றார். "ஈஸ்டருக்குள்ள ஒழுங்காச் சாப்பிட ஆரம்பிக்கலன்னா வயித்துல துளை போட்டுக் குழாய் வச்சுடலாம். அதுக்கப்புறம் வாய்வழியா எதுவும் வேண்டாம்."

"எதுவுமேயா?" என்று கேட்டார் அனியெல்லோ.

"எதுவுமே."

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குச் சமைத்தவள் இனிமேல் வாயே வேண்டாம் என்று படுத்திருக்கப் போகிறாள். ஈஸ்டருக்குப் பதினேழு நாள் இருந்தது. அனியெல்லோ அன்று முழுக்கப் பால்கனியில் நின்றார். அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

*

அடுத்த ஞாயிறு விடியற்காலையில் மறுபடி குழம்பை ஏற்றினார். லொரெதானா காலையிலேயே வந்துவிட்டாள். பத்து மணிக்கு, ரொட்டி வாங்கிவருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினார். ஒரு பாட்டிலில் முந்தின நாள் வைத்த குழம்பை ஊற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சதுக்கத்தில் ஞாயிறுதோறும் உக்ரைன் வேன்கள் வந்து நிற்கும். ஊருக்குப் பொட்டலம் அனுப்பவும் ஊர்ப் பேச்சுப் பேசவும் பெண்கள் கூடுவார்கள். அங்கே ஒரு பெஞ்சு நுனியில் ஹாலினாவைக் கண்டுபிடித்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

"சின்யோரா எப்படி இருக்காங்க?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"சாப்பிட மாட்டேங்கறா. என் கையால." பாட்டிலை வெளியே எடுத்தார். "ஹாலினா, நான் பண்ணது பெரிய தப்பு. மன்னிச்சுடு. இது உனக்கு. நல்லா வந்திருக்கு."

ஹாலினா பாட்டிலைப் பார்த்தாள். கை நீட்டவில்லை.

"அஞ்சு வீட்டுல வேலை கேட்டேன்," என்றாள். "அஞ்சு வீட்டுலயும் ஒரே கேள்வி. 'ரொட்டி குடுத்தது நீதானே?' இப்ப தோழி ரூம்ல படுக்கறேன், தரையில."

"நான் இல்லன்னு எனக்குத் தெரியும். அதாவது, நீ இல்லன்னு... கடவுள் சத்தியமா எனக்குத் தெரியும்."

"எனக்கும்தான் தெரியும், சின்யோர். அங்க ரெண்டு பேரு இருந்தோம். சின்யோராவையும் சேத்தா மூணு." அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் அவரைச் சுட்டது. "இங்க வந்து என் காதுல எதுக்குச் சொல்றீங்க? எங்க கெட்டுச்சோ அங்க சொல்லுங்க."

அவர் பாட்டிலைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றார். அவள் பக்கத்துப் பெண்ணிடம் திரும்பிவிட்டாள். அவர் கிளம்பியபோது மட்டும் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"தலகாணி ரெண்டு வைங்க. ஒண்ணு வச்சா அவங்களுக்கு இருமல் வரும்."

பேருந்தில் ஏறாமல் மேட்டில் நடந்தே வந்தார். ரொட்டி வாங்க மறந்துவிட்டார். தெரு முனையிலேயே மூக்கில் ஏறியது, கருகிய தக்காளி நாற்றம். தன் வீட்டு நாற்றம்தான் என்று பார்க்காமலே தெரிந்தது. மூன்று மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது.

"எங்க போன?" என்றாள் லொரெதானா. "நான் அம்மாவுக்குத் துணி மாத்திட்டு இருந்தேன். யாரையும் சட்டியைத் தொட விட மாட்டியேன்னு நானும் தொடல. அடி பிடிச்சுப் போச்சு."

மண்சட்டியின் அடியில் கரி. மேலே இருந்தது இன்னும் சிவப்பாக இருந்தாலும் கசப்பு ஏறியிருக்கும் என்று இப்போது அவருக்கே தெரியும். பதினேழு நாளில் மூன்று போய்விட்டது. கட்டிலில் பிலோமெனா பார்த்துக்கொண்டிருந்தாள். அதே பார்வை.

வெளியே தித்தினாவின் குரல்.

"தொன் அனியே! என்ன வேகுது அங்க, பஸ் டயரா?"

அனியெல்லோ பால்கனிக் கதவை முழுக்கத் திறந்தார். ஒரு மணி; பூசை முடிந்து எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரம், எல்லாப் பால்கனியிலும் ஆள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தித்தினா, நில்லு. உள்ள போகாத. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க, மூக்கைப் பொத்திட்டுக் கேக்கறேன்."

"பிலுமேவுக்கு ரொட்டி குடுத்தது ஹாலினா இல்ல. நான்."

தித்தினாவின் கையில் இருந்த துணிக்கவ்வி கீழே விழுந்தது. நாலாவது மாடியிலிருந்து செவிட்டுக் கார்மினே எட்டிப் பார்த்தார்.

"என்ன? யாரு குடுத்தான்னு? சத்தமாச் சொல்லு!"

அதனால் அவர் இரண்டாவது தடவையும் சொல்லவேண்டி வந்தது, தொண்டை கிழிய.

"நான் குடுத்தேன்! நான்! அந்தப் பொண்ணு குளியலறைல துணி அலசிட்டு இருந்தா. ஓடியாந்து பிலுமேவைக் காப்பாத்துனதே அவதான். ஆஸ்பத்திரில நான் பயந்துபோய்ப் பொய் சொல்லிட்டேன். நீங்க எல்லாரும் அவளப் பத்தி எங்கெங்க பேசுனீங்களோ, அங்கெல்லாம் போயி இதையும் பேசுங்க!"

யாரும் சிரிக்கவில்லை. எங்கேயோ ஒரு ஜன்னல் மெதுவாக மூடியது.

திரும்பினார். லொரெதானா கையில் தட்டோடு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"நான் அவ பெட்டியைத் தூக்கி வெளியே போட்டேம்ப்பா," என்றாள். "அவ படிக்கட்டுல உக்காந்து அழுதா. நான் கதவைச் சாத்துனேன்."

"தெரியும்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்கலாம்ல? தெருவுக்கா சொல்லுவ?"

"உன்கிட்ட சொன்னா உன்னோட நிக்கும். அவ பேரு தெருவுலதானம்மா கெட்டுது."

அவள் தட்டை மேஜையில் வைத்தாள். கோட்டை எடுத்துக்கொண்டாள். அம்மாவின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அப்பாவைத் தாண்டிப் போகும்போது அவர் மேல் படாமல் ஒதுங்கிப் போனாள். படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் கீழே கீழே போவதை அவர் கேட்டுக்கொண்டே நின்றார். எங்கே போகிறாள் என்று கேட்கவில்லை. ஹாலினாவைத் தேடித்தான் போனாள். அவளைக் கண்டாள், மன்னிப்பும் கேட்டாள். ஆனால் ஹாலினா அந்த வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. வேறு மேட்டில் வேறு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள், தித்தினாவே நடையாய் நடந்து சொல்லி வைத்த வீடு. லொரெதானா அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேச இன்னும் ஒரு கோடை ஆயிற்று.

அதெல்லாம் பிறகு. அன்று அறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். பொட்டலத்துக் கூழைக் கலக்கலாம் என்று அலமாரியைத் திறந்தார், பொட்டலம் காலி. அனியெல்லோவுக்கு வேறு வழியில்லை. சட்டியின் மேலாக இருந்த குழம்பைக் கரி சேராமல் அள்ளி, இரண்டு தடவை கடைந்து, ரவைக் கஞ்சியில் கலந்தார். விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கசந்தது. அந்த ஒரு மாதத்தில் வைத்ததிலேயே மகா மோசமான குழம்பு. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கம் வந்தார். பிலோமெனாவின் முதுகுக்குப் பின்னால் இரண்டாவது தலையணையை வைத்தார்.

"கருகிப் போச்சு, பிலுமே," என்றார். எழுபத்திரண்டு வயது மனுஷர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பிலோமெனா இடது கையை நீட்டினாள். ரொட்டிக்கு நீட்டிய அதே கை. அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், ஹாலினாவைப் பிடித்துக்கொள்வது போல. தாடையைத் தாழ்த்தினாள். வாயைத் திறந்தாள்.

அவர் ஸ்பூனை வைத்தார். விழுங்கிவிட்டாளா என்று தொண்டையைப் பார்த்தார். விழுங்கினாள். கசப்பில் முகத்தைச் சுளித்தாள். மறுபடி வாயைத் திறந்தாள்.